ஒன்பது நாள் தாமதம்: மன அழுத்தமும் தோலும்

கருவுற்ற மூன்றாவது வாரத்தில் மனிதக் கரு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. அவற்றுள் வெளியடுக்கின் ஒரு பகுதி உள்நோக்கி மடிந்து மூளையாகவும் தண்டுவடமாகவும் உருவெடுக்கிறது; மடியாமல் வெளியே நின்றுவிடும் பகுதி மேல்தோல் ஆகிறது. ஒரே அடுக்கில் பிறந்த மூளைக்கும் மேல்தோலுக்கும் இடையே வளர்ந்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. வெட்கத்தில் முகம் சிவக்கிறது, அச்சத்தில் உள்ளங்கை வியர்க்கிறது, வியப்பில் மயிர் சிலிர்க்கிறது. உணர்ச்சிகளை ஆராயும் பகுதிக்குத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்றே பெயர் வைத்தது. உள்ளத்தில் எழுவது மெய்யில் படுவதால் அது மெய்ப்பாடு.

மெய்ப்பாடுகள் நொடிகளில் தோன்றி நொடிகளில் மறைபவை. கடன், வேலைப் பளு, தீராத நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, வீட்டுக்குள் ஓயாத சண்டை ஆகியவை மாதக்கணக்கில் நீளும்போது தோலில் நிகழ்வது வேறு. காயம் ஆறத் தாமதமாகிறது, அடங்கியிருந்த கரப்பான் (எக்ஸிமா) மீண்டும் கிளம்புகிறது, முடி கொத்தாக உதிர்கிறது. இவற்றை வெறும் பிரமை என்று ஒதுக்குவோரும் உண்டு, எல்லாமே மன அழுத்தம்தான் என்று ஒரே சொல்லில் முடிப்போரும் உண்டு. இரண்டும் நோயாளிக்கு உதவாதவை. மனத்தின் சுமை எந்த வழியாகத் தோலை அடைகிறது என்பது இன்று பெருமளவு தெரியும். அதன் விளைவைச் சில இடங்களில் நாள் கணக்கிலேயே அளந்திருக்கிறார்கள்.

தமிழில் ஒரு சொற்குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மன அழுத்தம் என்ற சொல்லைப் பத்திரிகைகள் இரண்டு பொருளில் வழங்குகின்றன. தாங்கும் அளவை மீறிய நெருக்கடிக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை ஒன்று. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போகும் நோய்நிலை இன்னொன்று. பின்னதற்கு மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. இக்கட்டுரை பேசுவது முன்னதை. நெடுநாள் அழுத்தம் மனச்சோர்வுக்கு வழிவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நெருக்கடியில் உடல் என்ன செய்கிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் நொடியில் தயாராவதை அவர் விளக்கினார். பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன, இதயம் விரைகிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. பயந்தவர் வெளிறிப்போவது இதனால்தான்.

1936இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய ஓட்டம், நச்சு மருந்து என எதற்கு உள்ளாக்கினாலும் அவருடைய எலிகளின் உடலில் ஒரேவிதமான மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன, நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. அழுத்தம் என்ற கருத்து மருத்துவத்துக்குள் நுழைந்தது இந்த எலிகளின் வழியாகத்தான். அட்ரினலின் ஆடி முடித்த பிறகும் தொடர்ந்து வேலை செய்யும் இரண்டாவது பாதை ஒன்று இருப்பது பின்னர் தெளிவாயிற்று. மூளையின் ஹைப்போதலாமஸ் ஒரு வேதிச்செய்தியை அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி அதை ஏற்று இன்னொன்றை இரத்தத்தில் விட, அட்ரினல் சுரப்பியின் புறணி கார்ட்டிசாலைச் சுரக்கிறது.

கார்ட்டிசால் பகைப்பொருள் அல்ல. விடியற்காலையில் உயர்ந்து ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவதும் நள்ளிரவில் தாழ்ந்து உறங்க விடுவதும் அதன் அன்றாட வேலைகள். நெருக்கடி வேளையில் அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, அழற்சியைக் கட்டுப்படுத்துகிறது, உடனடித் தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடுகிறது. புலி துரத்தும்போது காயத்தை ஆற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சில நிமிடங்களோ சில மணி நேரமோ நீடிக்கும் அழுத்தம் தோலின் நோய் எதிர்ப்பைக் கூர்மையாக்குகிறது என்பதையே பிர்தௌஸ் தாபர் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் காட்டின. அடிபட வாய்ப்புள்ள வேளையில் வெள்ளணுக்கள் தோலை நோக்கிக் குவிகின்றன. அதே அழுத்தம் வாரக்கணக்கில் நீண்டபோது நிலைமை தலைகீழாகி, எதிர்ப்பு மங்கியது. கேடு செய்வது அழுத்தம் வருவதல்ல, வந்தது போகாமல் இருப்பது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. கரப்பானுக்கும் சொரியாசிஸ் என்னும் காளாஞ்சகப்படைக்கும் மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பு, கார்ட்டிசாலின் நெருங்கிய உறவு. அது அழற்சியை அடக்குவதால்தான் நோய் தணிகிறது. அப்படியானால் கார்ட்டிசாலைக் கூட்டும் மன அழுத்தம் இந்நோய்களைக் குணப்படுத்த வேண்டுமே, ஏன் கிளறிவிடுகிறது?

விடை ஒன்றல்ல. ஓயாமல் கூவும் கடைக்காரரின் குரல் தெருவாசிகளின் காதில் விழாமல் போவதுபோல, ஓயாத கார்ட்டிசாலுக்கு நோய் எதிர்ப்பு செல்கள் மெல்ல மெல்லச் செவிசாய்க்காமல் ஆகின்றன. ஹார்மோன் இருக்கிறது, அதன் சொல் செல்லுபடியாவதில்லை. கடிவாளம் தளர்ந்ததும் அழற்சி தன் போக்கில் ஓடுகிறது. இன்னொரு பக்கம் நரம்புகள் கார்ட்டிசாலைக் கடந்து நேரடியாக வேலை செய்கின்றன. தோலின் நரம்பு நுனிகளில் இருந்து சப்ஸ்டன்ஸ் பி என்ற வேதிப்பொருள் கசிகிறது. அருகிலேயே காவல் நிற்கும் மாஸ்ட் செல்கள் அதை ஏற்று, தங்களுக்குள் பொதிந்து வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவந்து தடிக்கிறது, அரிக்கிறது. கொசுக்கடியில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். இங்கே கொசு இல்லை.

தோல் மூளையின் ஆணைக்காகக் காத்திருப்பதும் இல்லை. ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் ஆகிய மூன்றும் தனித்தனியே சுரக்கும் பொருள்களைத் தோல் செல்கள் தாமே உற்பத்தி செய்வதை ஆந்திரே ஸ்லோமின்ஸ்கியும் வேறு பலரும் கண்டறிந்தனர். உடல் முழுவதற்குமான அழுத்தப் பாதையின் சிறு நகல் ஒன்று தோலுக்குள்ளேயே இருக்கிறது. வெயிலும் கீறலும் கூட அதை முடுக்கும். எனவே தோல் மனத்தின் நிலையைக் காட்டும் வெறும் திரை அல்ல. நெருக்கடியை உணர்ந்து, எதிர்வினை ஆற்றி, செய்தியை மூளைக்குத் திருப்பி அனுப்பும் உறுப்பு.

முதலில் பழுதாவது தோலின் அரண். மேல்தோலின் உச்சியில் உள்ள கொம்படுக்கை செங்கல் சுவரோடு ஒப்பிடுவது தோல் மருத்துவத்தில் வழக்கம். இறந்து தட்டையான செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை இடையே பூசிய சாந்து. ஈரம் வெளியேறாமலும் கிருமியும் ஒவ்வாப்பொருளும் உள்ளே வராமலும் காப்பது அந்தச் சாந்துதான். நீடித்த கார்ட்டிசால் இந்தக் கொழுப்புகளின் உற்பத்தியைக் குறைக்கிறது. ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்து, அரண் எத்தனை விரைவில் சீரடைகிறது என்று அளக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க மாணவர்களிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறை நாள்களை விடத் தேர்வு நாள்களில் அரண் மெதுவாகவே மீண்டது. எந்த நோயும் இல்லாத இளைஞர்களின் தோல் அது. ஏற்கெனவே அரண் பலவீனமான கரப்பான் நோயாளிக்குத் தேர்வுக் காலம் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

இத்துறையின் மிகத் தெளிவான சான்றுகள் காயங்களிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசரும் நோய் எதிர்ப்பியல் அறிஞரான அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசரும் பல்லாண்டுகள் இதில் உழைத்தார்கள். 1995இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களுடைய ஆய்வில் 13 பெண்கள் மறதிநோயால் அவதிப்படும் உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள். வயதிலும் வருவாயிலும் அவர்களுக்கு ஒப்பான இன்னும் 13 பெண்களுக்கு அந்தச் சுமை இல்லை. எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே அளவான சிறு துளைக்காயம் செய்யப்பட்டது. காயத்தைத் தொடர்ந்து படம் பிடித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். அது நுரைக்காத நாள் காயம் ஆறிய நாள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள்களில் ஆறியது. பராமரிப்பாளர்களுக்கு 48.7 நாள்கள் பிடித்தன. பென்சில் முனையை விடச் சற்றே பெரிய ஒரு துளையில் ஒன்பது நாளுக்கு மேல் தாமதம்.

அந்தப் பெண்கள் வயதில் மூத்தவர்கள், ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள். இளைஞருக்கும் சில நாள் நெருக்கடிக்கும் இது பொருந்துமா? 1998இல் அதே பல்கலைக்கழகத்தின் 11 பல் மருத்துவ மாணவர்கள் தங்கள் வாயின் மேலண்ணத்தில் இதே அளவுக் காயத்தை இருமுறை ஏற்றார்கள். ஒன்று கோடை விடுமுறையில், மற்றது பெரிய தேர்வுக்கு 3 நாள் முன்னதாக. தேர்வுக் காலக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது. 11 பேரில் ஒருவருக்குக்கூட அது விடுமுறைக் காயத்தின் வேகத்தில் ஆறவில்லை. காயம்பட்டதும் பழுதுபார்ப்புப் படையை அழைக்கும் இன்டர்லியூகின்-1 பீட்டா என்ற புரதத்துக்கான செல் ஆணை மூன்றில் இரு பங்கு குறைந்திருந்தது. காயம் ஆறுவதன் முதல் கட்டமே அழற்சி. அது உரிய வேளையில் எழாவிட்டால் அடுத்த கட்டங்கள் யாவும் பின்தங்கும்.

2005இல் வந்த மூன்றாவது ஆய்வு வீட்டுக்குள் நுழைந்தது. 42 தம்பதிகளின் கைகளில் உறிஞ்சு கருவியால் சிறு கொப்புளக் காயங்கள் உண்டாக்கப்பட்டன. ஒரு முறை இருவரும் ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசினார்கள்; இன்னொரு முறை தங்களுக்குள் தீராத ஒரு பிணக்கைப் பற்றிப் பேசினார்கள். பிணக்குக்குப் பின் காயம் மெதுவாக ஆறியது. பேச்சில் பகைமை மிகுந்த தம்பதிகளின் காயங்கள், பகைமை குறைந்தவர்களின் காயம் ஆறிய வேகத்தில் 60 சதவீதத்தையே எட்டின. குத்தலாகப் பேசப்பட்ட சொல் காயத்தின் வேதியியலை மாற்றுகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் அதிகமில்லை என்பது உண்மை. ஆயினும் வெவ்வேறு வயது, வெவ்வேறு வகைக் காயம், வெவ்வேறு நெருக்கடி என்று மாற்றிப் பார்த்தும் முடிவு ஒரே திசையைக் காட்டுகிறது. அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளியின் அச்சத்தைத் தணிப்பது பரிவுக்காக மட்டும் செய்யும் காரியமல்ல.

நோய்களுக்கு வந்தால், முகப்பருவைத் தேர்வோடு இணைத்துப் பேசும் மாணவர்கள் சொல்வது சரியே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 மாணவர்களைப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் கூடியவர்களுக்குத் தேர்வு வேளையில் பருவும் கூடியது. எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அழுத்த ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் இருப்பது ஒரு காரணம். உணவு மாறுவதும் உறக்கம் கெடுவதும் முகத்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பதும் சேர்ந்துகொள்கின்றன. திடீர்த் தடிப்பு, உதட்டோரக் கொப்புளம், பொடுகு, உள்ளங்கை வியர்வை ஆகியவையும் நெருக்கடியில் மிகும். கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்ப்பிஸ் வைரஸ் முதல் தொற்றுக்குப் பிறகு நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடக்கிறது. எதிர்ப்பு தளரும் வேளையில் நரம்பு வழியே இறங்கி வருகிறது.

காளாஞ்சகப்படைக்கு மரபணு அடிப்படை உண்டு. மன அழுத்தம் அதைப் படைப்பதில்லை, கிளறுகிறது. கீறல்பட்ட இடத்தில் புதிய திட்டு எழும் இயல்பும் இந்நோய்க்கு உண்டு என்பதால், பதற்றத்தில் சொறிவதே அடுத்த திட்டுக்கு விதையாகலாம். புழுவெட்டும் வெண்புள்ளியும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் செல்களையே தாக்குவதால் வருபவை. அவற்றைக் கவலையால் வந்தவை என்று சொல்லி நோயாளியின் தலையில் பழியை ஏற்றுவது தவறு.

முடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் அச்சம் அதிகம், விளக்கம் குறைவு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பான்மை வளரும் கட்டத்திலும் ஒரு சிறு பங்கு ஓய்வுக் கட்டத்திலும் இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய துயரம் போன்ற அதிர்ச்சியில் வளரும் முடிகள் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளப்படுகின்றன. ஓய்வு முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதன் பிறகே உதிர்வு. அதனால்தான் துயரம் சற்று ஆறிய வேளையில் சீப்பில் கொத்தாக முடி வந்து புதிய கலக்கத்தைக் கிளப்புகிறது. கோவிட் தொற்றிலிருந்து மீண்ட பலர் மாதங்கள் கழித்து முடி கொட்டுகிறது என்று மருத்துவரிடம் ஓடியதும் இதே காரணத்தால்தான். வேர்ப்பை அழியவில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் முடி தானே திரும்பும். இடையில் வாங்கிப் பூசிய எண்ணெய்க்கு அந்தப் பெயர் போய்ச்சேர்கிறது.

கவலையால் நரைக்குமா என்பது பழைய கேள்வி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் யா-சியே ஷு குழு 2020இல் எலிகளில் இதற்கு விடை தேடியது. கார்ட்டிசால்தான் காரணம் என்று முதலில் ஐயுற்றார்கள்; அட்ரினல் சுரப்பியை நீக்கிய எலிகளும் நரைத்தன. நோய் எதிர்ப்பு மண்டலமும் குற்றவாளி இல்லை. கடைசியில் பிடிபட்டவை ஒவ்வொரு முடி வேர்ப்பையையும் சுற்றி ஓடும் பரிவு நரம்புகள். அவை கொட்டும் நோரட்ரினலின், நிறம் தரும் மூலச் செல்களை வேளை வருமுன் எழுப்பிவிடுகிறது. அவை இடம் விட்டு நகர்ந்து தீர்ந்துபோகின்றன. சேமிப்பு காலியானால் அந்த வேர்ப்பைக்கு மீண்டும் நிறம் இல்லை. மனிதரில் நிலைமை சற்றே நம்பிக்கை தருவது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பிக்கார்டு குழு 2021இல் தனித்தனி முடிகளின் நிறத்தை நீளவாக்கில் அளந்தபோது, ஒருவரின் தலையில் 5 நரைமுடிகள் அவர் விடுமுறையில் இருந்த நாள்களில் ஒருசேர நிறம் திரும்பியிருந்தன. நரைக்கத் தொடங்கும் வரம்பில் உள்ள முடிகளுக்கு மட்டும் இது நேரலாம்; முதுமையின் நரையை விடுமுறை கறுப்பாக்காது.

பழந்தமிழ்ப் பாடல்களில் தலைவனைப் பிரிந்தவளின் மேனியில் பசலை படர்கிறது. திருக்குறள் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. அது மருத்துவக் குறிப்பு அல்ல. ஆனாலும் உண்ணாமை, உறங்காமை, தோலில் இரத்த ஓட்டம் குறைவது ஆகியவை மேனியின் ஒளியைக் குறைக்கும் என்பதைக் கூர்ந்த கண்கள் கவனித்தே இருந்தன.

தோல் கண்ணில் படுவதால் முதலில் தெரிகிறது. உள்ளேயும் அதே வேளையில் வேலை நடக்கிறது. உளவியலாளர் செல்டன் கோஹன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 394 நலமான தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸ்கள் சொட்டு மருந்துபோல் விடப்பட்டன. முன்கூட்டி அளந்து வைத்த மன அழுத்தம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு நோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடியது. இதயத்தைப் பொறுத்தவரை, சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்புக்கான முக்கியக் காரணிகளின் வரிசையில் வைத்தது. நீடித்த கார்ட்டிசால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது, சர்க்கரையை ஏற்றுகிறது, உறக்கத்தைத் துண்டாடுகிறது.

எல்லாவற்றையும் அழுத்தத்தின் மேல் ஏற்றிவிடும் ஆசைக்கு இரைப்பைப் புண் ஒரு பாடம். செல்யேயின் எலிகளுக்குப் புண் வந்தது. அதனால் மனிதரின் புண்ணுக்கும் கவலையே காரணம் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான புண்களுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். ஆன்டிபயாட்டிக்கால் தீரக்கூடிய நோய்க்கு அதுவரை எத்தனை பேர் ஓய்வும் பாலும் பத்தியமுமாகக் காலம் கழித்தார்கள்! தோலில் வரும் படர்தாமரை பூஞ்சையால் வருவது, சொறி சிரங்கு நுண்ணிய பூச்சியால் வருவது. அவற்றுக்கு மருந்துதான் தீர்வு.

தோலிலிருந்து மனத்துக்குப் போகும் பாதையும் அகலமானதே. அரிப்பு இரவில் கூடும், ஏனெனில் அந்நேரம் கார்ட்டிசால் தாழ்ந்திருக்கும், தோலின் வெப்பம் உயர்ந்திருக்கும், ஈரம் அதிகமாக வெளியேறும். உறக்கம் கெடுகிறது, கெட்ட உறக்கம் மறுநாள் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அழுத்தம் அரிப்பைக் கூட்டுகிறது. இந்த வட்டத்தோடு ஊரார் பார்வை சேர்கிறது. கருநிறத் தோலில் பருவோ கரப்பானோ ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். முகத்தில் என்ன என்று கேட்பவர்களுக்கு நோய் தீர்ந்தது தெரியாது. தொற்றாத, வலிக்காத வெண்புள்ளிக்கு வெண்குஷ்டம் என்ற பெயர் இருந்ததாலேயே எத்தனையோ திருமணங்கள் நின்றன. 2010இல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரை நீக்கி வெண்புள்ளி என்று வழங்க ஆணையிட்டது. ஒரு பெயரை மாற்றியதும் மன அழுத்தத்துக்கான சிகிச்சைதான்.

அவசரத்தில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு இன்னொரு கேடு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு எந்த அரிப்பையும் இரண்டு நாளில் அடக்கும். பூஞ்சைத் தொற்றின் மேல் பூசினால் சிவப்பு மறைய, அடியில் பூஞ்சை பரவும். நிறம் கூட்டவென்று முகத்தில் மாதக்கணக்கில் பூசுவோருக்குத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்திய கணத்தில் முகம் எரியத் தொடங்கும். மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த நாள்களுக்குப் பூசினால் அதே களிம்பு நல்ல மருந்து.

தணிக்கும் வழிகளில் முதலாவது தோலையே பார்த்துக்கொள்வது. குளித்த ஈரம் உலருமுன் வாசனை சேர்க்காத ஈரப்பூச்சைத் தடவுவது உடைந்த சாந்துக்குப் பதில் சாந்து. அரிப்பு அடங்கினால் உறக்கம் வரும், உறக்கம் வந்தால் அழுத்தம் பாதி இறங்கும். சொறிவது பழக்கமாகிப் போனவர்களுக்கு, சொறியாதே என்ற கண்டிப்பு உதவாது. 1973இல் நேதன் அஸ்ரினும் அவருடைய உடன் ஆய்வாளரும் வகுத்த பழக்கமாற்றுப் பயிற்சி பயன் தருகிறது. கை தோலை நோக்கிப் போவதை முதலில் கவனிக்கப் பழகுவது. போகும் கையை இறுக மூடிச் சற்று நேரம் வைத்திருப்பது. அரிக்கும் இடத்தை நகம் படாமல் அழுத்துவது. கைக்கு வேறு வேலை கிடைத்தால் பழைய வேலை மறக்கிறது.

மூச்சு இன்னொரு கைப்பிடி. வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதை 6 முறைக்கு இறக்கினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரு தாளத்துக்கு வருகின்றன; உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு ஓங்குகிறது. 2001இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு, லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரத்தை ஓதினாலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்குவதைக் கண்டது. காலங்காலமாக மக்கள் கண்டுபிடித்து வைத்திருந்த கருவிதான் அது. தியானத்தைப் பற்றிய மிகைப்பேச்சு நிறைய உண்டு என்றாலும், ஜான் கபாட்-ஜின் 1998இல் வெளியிட்ட சிறு ஆய்வு கவனத்துக்குரியது. காளாஞ்சகப்படைக்கு ஒளிச்சிகிச்சை பெற்ற 37 பேரில் ஒரு பகுதியினர் ஒளிப்பெட்டிக்குள் நிற்கும்போது தியான ஒலிநாடாவைக் கேட்டார்கள். அவர்களுக்குத் தோல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் தெளிந்தது. தியானம் ஒளிச்சிகிச்சைக்குத் துணை நின்றது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

அழுத்தத்தைத் தணிக்கும் வழிகள் பயன் தருகின்றனவா என்பதையும் காயத்தை அளந்தே சோதித்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் 64 வயதுக்குக் குறையாத 49 பேர், மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கு 20 நிமிடம் எழுதினார்கள். ஒரு குழு தங்களை வாட்டிய அனுபவத்தைப் பற்றி மனந்திறந்து எழுதியது, மற்றது அன்றாட வேலைகளைப் பற்றி. பிறகு மேற்கையில் செய்த 4 மில்லிமீட்டர் காயம் 11ஆம் நாளில் முதல் குழுவில் 76 சதவீதத்தினருக்கு ஆறியிருந்தது, இரண்டாவதில் 42 சதவீதத்தினருக்கே. ஒஹாயோவில் வயது முதிர்ந்த 28 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வந்தது. வாரத்துக்கு மூன்று முறை ஒரு மணி நேர உடற்பயிற்சி செய்தவர்களுக்கு 3.5 மில்லிமீட்டர் துளைக்காயம் 29.2 நாளில் ஆறியது; செய்யாதவர்களுக்கு 38.9 நாள் ஆயிற்று. பராமரிப்புச் சுமை தள்ளிப்போட்ட நாள்களின் அளவை நடையும் பயிற்சியும் மீட்டுத் தந்தன என்று இதை வாசிக்கலாம். உலக சுகாதார அமைப்பு கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. விரைந்த நடை அதற்குப் போதும்.

இவை அனைத்தும் ஒருவர் தன் நேரத்தில் செய்ய வேண்டியவை. 1995 ஆய்வின் 13 பெண்களிடம் அந்த நேரம் இருந்திருக்காது. படுக்கையில் உள்ள மாமியாரையோ தந்தையையோ தனியே பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மூச்சுப்பயிற்சியைப் பரிந்துரைப்பதற்கு முன், வாரத்தில் இரண்டு பிற்பகல் அந்தப் படுக்கையருகே வேறொருவர் உட்கார வேண்டும். அண்ணன் தம்பிகள் முறை வைத்துக்கொள்வதும், பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களை நாடுவதும் தோல் மருத்துவத்துக்கு வெளியே உள்ளவை அல்ல.

திட்டுகள் விரைந்து பரவினாலோ, உதடோ கண்ணிமையோ வீங்கி மூச்சு திணறினாலோ, கொப்புளத்தோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது; மூச்சுத்திணறல் அவசர சிகிச்சைக்குரியது. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல், உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதே வீண் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அது அழுத்தத்தின் எல்லையைக் கடந்த மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. தோல் நோய்க்காக மருத்துவரிடம் போயிருக்கும்போதே அதைச் சொல்லலாம். இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.